கல்மண்டபத்தில் பாட்டில்லாத பாட்டு!

"ஞாயித்துக்கிழமை கல்மண்டபம் போறேன்" என்று மாம்பலத்து நண்பரிடம் சொன்னால், "அடடே, யாருக்குக் கல்யாணம்?" என்கிறார்.

தென்சென்னைவாசிகளின் பூகோள ஞானம் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. சென்ட்ரலுக்கு வடக்கே போனால் நேராக நெல்லூர் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஒரு முழு ஊர் இருக்கிறது ஸார்! உங்கள் பைக்குக்கு மணலி பெட்ரோல், ஞாயிற்றுக்கிழமைத் தட்டுக்குக் காசிமேட்டு வஞ்சிரம் எல்லாம் இந்தப் பக்கத்து உபயம்.

போவது ரொம்ப சுலபம். கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் ராயபுரம். ஸீட் பிடித்து உட்காருவதற்குள் இறங்கிவிட வேண்டும். இறங்கியதும் ஒரு நிமிஷம் நின்று பழைய கட்டடத்துக்கு ஒரு கும்பிடு போடுங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி இங்கேயிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. நம் சென்ட்ரல் ஸ்டேஷன் 1873-ல் பிறந்த தம்பி. தம்பிக்குத்தான் பேரும் புகழும், அண்ணன் தூண்களோடு சும்மா நிற்கிறார்.

அங்கேயிருந்து ஷேர் ஆட்டோ. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உங்கள் ஆட்டோ, யானைக் கூட்டத்தில் நுழைந்த எலி மாதிரி போகும். இந்த வட்டாரத்துக்கு ராயபுரம் என்று பெயர் வந்ததே ராயப்பர் கோவிலால். ராயப்பர் என்றால் புனித பீட்டர். கொஞ்ச தூரத்திலேயே பார்சிக்காரர்களின் அக்னி கோவில். 1910-லிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டில் இது ஒன்றே ஒன்றுதான். (ஒரு சின்ன டைவர்ஷன்: 'குவீன்' ராக் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி ஒரு பார்சி. படித்தது பஞ்ச்கனியில், பள்ளிக்கூடத்தின் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்! 1980-ல் 'ஃபிளாஷ் கோர்டன்' படத்துக்கு அந்தக் குழு போட்ட ஆல்பத்தில் பெரும்பகுதி வெறும் வாத்தியம்தான். ராயபுரத்தில் நின்றுகொண்டு இதை யோசிக்கும்போது எனக்கு ஏனோ ரொம்பப் பெருமையாக இருக்கும்.)

கல்மண்டபம் என்றால் ஒரு பஸ் ஸ்டாப், கிழக்கு, மேற்கு என்று இரண்டு கல்மண்டப சாலைகள், அவற்றை ஒட்டிய சந்துகள். மீன் கூடை, நைலான் கயிறு, இரும்பு போல்ட்டு, பிரியாணி, பூ... எல்லாம் ஒரே மூச்சில் மூக்கில் ஏறும். பி.காம். படித்த பாவத்துக்கு இங்கே ஒரு இரும்புக் கடைக்கு மாதம் ஒருமுறை கணக்கு எழுதப் போகிறேன். எழுத்து சோறு போடவில்லையென்றால் டெபிட், கிரெடிட்டாவது போடட்டுமே!

அது உத்தியோகம். இந்தக் கட்டுரை என் வியாதியைப் பற்றி.

* * *

சினிமாப் பாட்டில் பாடகர் மூச்சு வாங்கும் நேரத்தில் வாத்தியக்காரர்கள் புகுந்து விளையாடுவார்களே, எனக்குச் சின்ன வயசிலிருந்து அந்த இடம்தான் பிடிக்கும். மறுபடி பாட ஆரம்பித்தால், 'ஏன்யா, நல்லாத்தானே போய்ட்டிருந்துது!' என்று இருக்கும். இந்த வியாதி முற்றி, வாயே திறக்காத ராக் இசைத்தட்டுகள் ஒரு பக்கம், டி.வி. தொடர்களின் டைட்டில் ம்யூசிக் ஒரு பக்கம் என்று சி.டி. சேர்க்க ஆரம்பித்தேன்.

இரண்டும் வேறு வேறு என்று நினைக்காதீர்கள். பங்காளிகள்தான். 1960-ல் அமெரிக்காவில் 'தி வென்ச்சர்ஸ்', இங்கிலாந்தில் 'தி ஷேடோஸ்' என்று இரண்டு கிடார் கோஷ்டிகள் ஒரு வார்த்தை பாடாமல் ஹிட் கொடுத்தார்கள். அந்த வென்ச்சர்ஸே 1969-ல் 'ஹவாய் ஃபைவ்-ஓ' என்ற போலீஸ் தொடரின் டைட்டிலை எடுத்து வாசித்தார்கள். அந்தத் தொடரைப் பார்க்காதவனுக்குக்கூட அந்த ட்யூன் தெரியும். 'மிஷன் இம்பாஸிபிள்' 1966-ல் டி.வி. தொடராகத்தான் வந்தது. லாலோ ஷிஃப்ரின் போட்ட அந்த ட்யூனில் தாளம் ஐந்து ஐந்தாகப் போகும். மிருதங்கக்காரரைக் கேட்டால், "அட, நம்ம கண்டம்!" என்பார். நம்ம தூர்தர்ஷனில் 'ஸ்ட்ரீட் ஹாக்' என்று ஒரு பைக் ஹீரோ பறந்து பறந்து வருவான், ஞாபகமிருக்கிறதா? அதன் ம்யூசிக் 'டான்ஜரின் ட்ரீம்' என்ற ஜெர்மன் குழுவினுடையது. அவர்களுடைய 1985-ம் வருஷத்து ஆல்பத்திலேயே அது இருக்கிறது.

சரி, இதையெல்லாம் கடையில் எப்படிக் கேட்டு வாங்குவது? அங்கேதான் சிக்கல். சினிமாப் பாட்டென்றால் முதல் வரியைச் சொன்னால் போதும், கடைக்காரர் மிச்சத்தைப் பாடியே காட்டுவார். வார்த்தையே இல்லாத பாட்டுக்கு முதல் வரி ஏது?

காலேஜ் நாட்களில் பர்மா பஜாரில் நான் பட்ட பாடு இருக்கிறதே... பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் பிழைக்க 1969-ல் கடற்கரை ஸ்டேஷனை ஒட்டி ஏற்பட்ட கடைத்தெரு அது. துறைமுகத்துக்கு எதிரிலேயே இருந்ததால் கப்பலில் வருகிற எந்தச் சாமானும் முதலில் அங்கேதான் தலைகாட்டும். அதில் இந்த வெளிநாட்டு சி.டி.க்களும் உண்டு. நான் போய் நின்று, 'மால்குடி டேஸ்' ட்யூனை ஹம் செய்வேன். கடைக்காரர் கண்ணை மூடி, தலையை ஆட்டி ரசித்துக் கேட்டுவிட்டு, "நோக்கியா ரிங்டோன்தானே ஸார்?" என்பார்.

வாங்கிய பிறகு அடுத்த சந்தேகம். ஒரிஜினலா, டூப்பா? இதற்குச் சில உபாயங்கள் உண்டு. கீழ்ப்பக்கம் வெள்ளி மாதிரி பளபளத்தால் ஃபேக்டரியில் அச்சடித்தது. பச்சையோ நீலமோ அடித்தால் யாரோ வீட்டுக் கம்ப்யூட்டரில் சுட்டது. நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் 'ஐ.எஃப்.பி.ஐ.' என்று ஒரு குறி இருக்கும். அது 1994-ல் வந்த ஏற்பாடு, அதற்கு முந்தைய தட்டில் தேடாதீர்கள். 'மேற்கு ஜெர்மனி' என்று போட்டிருந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள், அது 1990-ல் ஜெர்மனி ஒன்றாவதற்கு முன் அச்சானது. அட்டையில் 'ஏ.ஏ.டி.', 'ஏ.டி.டி.', 'டி.டி.டி.' என்று மூன்றெழுத்து இருந்தால் அது பதிவு, மிக்ஸிங், கடைசி மாஸ்டர் மூன்றும் பழைய டேப்பிலா, டிஜிட்டலிலா என்ற ஜாதகம். நான் முதலில் 'ஏ.டி.டி.'யைப் பார்த்தபோது யாரோ கூட்டல் கணக்கு போடச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். காமர்ஸ் புத்தி!

2004-ல் குண்டர் சட்டத்தில் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தார்கள். பஜாரில் தட்டுகள் மேஜைக்கு அடியில் போயின. அப்புறம் போனிலேயே எல்லாப் பாட்டும் வந்தது. மேஜை மேல் போன் கவரும் சார்ஜரும் ஏறிக்கொண்டன. சி.டி. எங்கே போயிற்று?

காயலான் கடைக்கு!

* * *

நான் கணக்கெழுதும் இரும்புக் கடைக்குப் பக்கத்தில் ஒரு காயலான் கடை. பித்தளை ஒரு குவியல், செம்பு ஒரு குவியல், பேப்பர் ஒரு குவியல் என்று அண்ணாச்சி மளிகை மாதிரி நேர்த்தியாக இருக்கும். ஒருநாள் அங்கே ஒரு கோணி நிறைய சி.டி.!

"அண்ணே, இது என்ன விலை?"

"டப்பாவுக்குத்தான் ஸார் வெல. உள்ள கீற தட்டுக்கு ஒண்ணுங் கெடையாது. இன்னா பண்றது அத வச்சுக்கினு? பால்கனில கட்னா பொறா வராது, அவ்ளோதான்."

கிளறிப் பார்த்தேன். சினிமாத் தட்டுகள் கம்மி. அட்டையில் நடிகர் முகம் இருந்தால் வீட்டில் யாராவது, "இருக்கட்டும்பா" என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். வெறும் கிடார் படம், சூரிய அஸ்தமனம், ஜப்பானிய எழுத்து என்று இருப்பதெல்லாம் கோணிக்கு வந்துவிடுகிறது. பாடியவர் பெயர் இல்லாத தட்டுக்குச் சிபாரிசு செய்ய வீட்டில் ஆள் இல்லை.

"இது எங்கேர்ந்து வந்துதுண்ணே?"

"பின்னால சந்துல ஒரு கப்பல்காரர் கீறாரு. பாகம் பிரிச்சு ஊட்ட விக்கிறாங்க. அந்தம்மா ஒரு மூட்ட போட்டாங்க. இன்னும் கீதுன்னாங்க."

கணக்கை மூடி வைத்தேன். (முதலாளி இதைப் படிக்க மாட்டார்.)

மாடியில் ஒற்றை அறை. பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயசு. கப்பலில் எலெக்ட்ரீஷியனாக முப்பது வருஷம் இருந்தவர். சுவரோரம் ஏழு வெள்ளைத் தெர்மகோல் பெட்டி. காசிமேட்டில் ஐஸ் போட்டு மீன் அடைப்பார்களே, அதே பெட்டிகள். நான் ஏதோ நண்டு வியாபாரம் என்றுதான் நினைத்தேன். திறந்தால் வரிசை வரிசையாக சி.டி.!

"உப்புக் காத்துக்கு இதான் தம்பி நல்லது. சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் வச்சேன். வாசனை வருதா?"

"இல்லீங்க ஐயா" என்றேன். வந்தது.

ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. சி.டி. என்பது 12 சென்டிமீட்டர் வட்டம், 1.2 மில்லிமீட்டர் கனம். செகண்டுக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எண்களாக எழுதி வைத்த கணக்குப் புத்தகம். லேசர் படிப்பது கீழ்ப்பக்கத்தை. அதில் லேசாகக் கீறல் விழுந்தால்கூடச் சமாளிக்கலாம். நாம் கண்டபடி வைத்துத் தேய்க்கும் மேல்பக்கம்தான் ஆபத்தானது. உள்ளே அலுமினியத் தகடு பேப்பரைவிட மெலிசு, அதன் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு, அதன் மேல் படம். அவ்வளவுதான் காவல். ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்துப் போகும். தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி ஊசியாக ஓட்டை தெரியும். கடலோர ஊரில் முப்பது வருஷம் வைத்திருந்த தட்டுகளில் அப்படி ஆனது பதினொன்றே பதினொன்று என்றால், மீன் பெட்டிக்கு ஒரு சலாம் போட வேண்டியதுதான்.

"ஐயா, இதெல்லாம் ஏன் பாட்டே இல்லாத பாட்டா வாங்கினீங்க?" என்று கேட்டேன். என்னைப் போல இன்னொரு வியாதிக்காரரைப் பார்த்த சந்தோஷம்!

"எனக்கு ஒண்ணும் அப்படி ஆசையில்ல தம்பி. கப்பல்ல சாப்பாட்டு ஹால்ல ஒரே ஒரு செட்டுதான். ஃபிலிப்பைன்ஸ்காரன், போலந்துக்காரன், பஞ்சாபி, மலையாளி, நானு. அவன் பாட்டு போட்டா இவன் அணைப்பான். இவன் போட்டா அவன் அணைப்பான். ஒரு தடவ பிளேட்டு பறந்துது. எலெக்ட்ரீஷியன்னு செட்டு என் பொறுப்பு. யோகோஹாமாவுல இறங்கி, வாய் தெறக்காத பாட்டா ஒண்ணு குடுன்னு கையாலயே கேட்டு வாங்கினேன். போட்டேன். ஒருத்தனும் எழுந்து வரல. அதுலேர்ந்து எந்தத் துறமுகம் போனாலும் அதான் வாங்குவேன். டி.வி. ம்யூசிக் இன்னும் நல்லது. எல்லா நாட்டுக்காரனும் சின்னப் புள்ளையில பாத்திருப்பான். கூடவே தாளம் போடுவான்."

சிரிக்காமல் சொன்னார். முப்பது வருஷத்து சம்பளத்தில் ஒரு பகுதி சாப்பாட்டு ஹாலில் சண்டை வராமலிருக்கச் செலவாகியிருக்கிறது!

இப்போது பிரச்னை. வீடு விற்றாயிற்று. அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பங்கு. இவரும் அம்மாவும் கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பெட்டிக்குத்தான் இடம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம். ஏழில் ஆறு போயாக வேண்டும். காலி செய்ய ஒரு மாசம் இருந்தது. எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பெரியவர் தினமும் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பொறுமையிழந்த அம்மா ஒரு மூட்டையை அள்ளிக் காயலான் கடையில் போட்டுவிட்டார்.

"கப்பல்ல இருக்கும்போது ஆளு இல்ல. வந்தா இந்தப் பொட்டியத் தொடச்சினு உக்காந்துப்பாரு. நீயே சொல்லு தம்பி, எனக்குக் கோவம் வருமா வராதா?" என்று என்னிடம் பஞ்சாயத்து. டீ நன்றாக இருந்ததால் நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

"நீ கணக்கு எழுதுறவந்தானே? எழுது. மொதல்ல எத்தன இருக்குன்னு தெரியட்டும்" என்றார் பெரியவர்.

* * *

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். அவர் தட்டை எடுத்து, துடைத்து, ஒரு நிமிஷம் ஓடவிடுவார். நான் ஸ்டாக் ரிஜிஸ்டரில் எண், பெயர், வாங்கின துறைமுகம், நிலைமை என்று நாலு காலம் போட்டு எழுதுவேன். முதல் வேலையாகக் காயலான் கடை மூட்டையை மீட்டு வந்தோம். அண்ணன் டப்பாவுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

என்னவெல்லாம் வந்தது தெரியுமா! முதுகில் காகிதக் கச்சை கட்டின ஜப்பானிய வென்ச்சர்ஸ் தட்டுகள். அந்தப் பட்டிக்கு அங்கே 'ஓபி' என்று பெயர், கிமோனோ மேல் கட்டுகிற கச்சைக்கும் அதே பெயர்தான். சித்தாரையும் ராக்கையும் சேர்த்துக் குழைத்த ஆனந்த சங்கரின் 1970-ம் வருஷத்து ஆல்பம். 'மயாமி வைஸ்' டி.வி. தொடரின் ம்யூசிக். 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா'. 'சக்தி'.

இந்தக் கடைசி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு காலட்சேபமே பண்ணிவிட்டேன். பெரியவருக்கு இந்த உறவுமுறை தெரியாது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

'மயாமி வைஸ்' டைட்டிலை வாசித்தவர் யான் ஹாமர் என்ற செக் நாட்டுக்காரர். 1985-ல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் ஒரு வார்த்தை இல்லாமல் முதலிடம் பிடித்தது அது. அவர் அதற்கு முன் 1971-ல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு. இடி விழுந்த மாதிரி வாசிக்கிற ராக் கோஷ்டி. தலைவர் ஜான் மெக்லாக்லின், இங்கிலீஷ்காரர். அந்த மனுஷன் அமெரிக்காவில் நம்ம ஊர் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். எலெக்ட்ரிக் கிடாரை இறக்கி வைத்துவிட்டு 'சக்தி' என்று இன்னொரு குழு ஆரம்பித்தார். 1976-ல் அதன் முதல் தட்டு. கடம், நம்ம விக்கு விநாயக்ராம். தபேலா, ஜாகிர் ஹுசேன். வயலின், எல்.ஷங்கர்.

யார் இந்த எல்.ஷங்கர்? யாழ்ப்பாணத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்து, 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு சென்னைக்கு வந்த வயலின் வித்வான் லட்சுமிநாராயண ஐயரின் மகன். ஓர் அண்ணன் எல்.சுப்ரமணியம், தூர்தர்ஷன் 'சுரபி'க்கு டைட்டில் ம்யூசிக் போட்டவர். இன்னோர் அண்ணன் எல்.வைத்தியநாதன், 'மால்குடி டேஸ்' ம்யூசிக் போட்டவர்! கமல் வாயே திறக்காத 'பேசும் படம்' பார்த்தீர்களே, அதற்கும் அவர்தான். 2006-ல் அமெரிக்காவில் 'ஹீரோஸ்' என்ற தொடர் வந்தபோது அதன் இசையில் கேட்ட குரலும் இந்தத் தம்பி ஷங்கருடையதுதான்.

அதாவது மயாமியில் ரயில் ஏறினால் மகாவிஷ்ணு, சக்தி என்று நாலே ஸ்டேஷனில் மால்குடி வந்து இறங்கிவிடலாம். நம்ம ஊர் வீட்டு முற்றத்தில் ஒரே அப்பாவிடம் வில் பிடிக்கக் கற்றுக்கொண்ட அண்ணன் தம்பிகள்! நாம்தான் இதையெல்லாம் 'ஃபாரின் ம்யூசிக்' என்று தனி அலமாரியில் வைத்துக்கொண்டிருக்கிறோம். சக்தி குழு 2024-ல் கிராமி வாங்கியது. அதில் கஞ்சிரா வாசித்த செல்வகணேஷ், விக்கு விநாயக்ராமின் மகன்.

பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "மால்குடி நான் லீவுல வந்தப்போ பாத்தேன் தம்பி. அப்ப இந்த வயலினும் அந்த வயலினும் ஒரே வீடா?" என்றார். சக்தி தட்டை எடுத்து, 'வைத்துக்கொள்வது' பெட்டியில் போட்டார். நான் ஒரு 'டிக்' அடித்தேன்.

இதெல்லாம் போனில் கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் போனில் அட்டை கிடையாது. கடம் யார், கீபோர்டு யார் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் அந்த மடிப்புக் காகிதம் இருந்ததால்தான் மேலே நான் அடித்த கதாகாலட்சேபம். அமெரிக்காவில் 'லா-லா லேண்ட்' என்ற கம்பெனி பழைய 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ம்யூசிக்கை மட்டும் 15 சி.டி.யாக 2012-ல் போட்டது. 15! நான் 'மர்மதேசம்' டைட்டில் ம்யூசிக்கை ரேஹான் பெயர் அச்சான ஒரு தட்டில் பார்த்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காக அலைகிறேன். கண்ணில் படவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு சண்டை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. 1986-ல் தியாகராஜரையும் பாக்கையும் ஒரே மேடையில் உட்காரவைத்த ஆல்பம். அதை ராக் என்று சொன்னால் பண்டிதர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் என்னுடைய அலமாரியில் அது மகாவிஷ்ணுவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாலு மகேந்திரா 'வீடு' படத்துக்குப் பின்னணியாக இதைத்தான் எடுத்து வைத்தார். பெரியவர் இதைச் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் வாங்கினாராம்.

"இது ரெண்டு எடத்துல தாவுது. வேணாம்" என்று தள்ளி வைத்தார்.

சமையல்கட்டிலிருந்து குரல். "அது ஏன் தாவுதுன்னு கேளு தம்பி. இவரு கப்பலுக்குப் போனா ஒம்போது மாசம். தெனம் சாயங்காலம் நாந்தான் அதப் போடுவேன். புள்ளைங்க அதக் கேட்டாத்தான் தூங்கும். தேயாம என்னா பண்ணும்?"

பெரியவருக்கு இது தெரியாது! முப்பது வருஷம் கழித்துத் தெரிகிறது. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ ம்யூசிக் கேட்டேன்னு ஒரு லெட்டர்லகூட எழுதலியே?"

"எழுதினா புது ஊசி வாங்கினு வந்துருவீங்களா?"

"சி.டி.க்கு ஊசி கெடையாது."

"தெரியாதுல்ல, அதான் எழுதல."

அந்தத் தட்டு பெட்டியில் வரவில்லை. அம்மாவின் புடவைப் பெட்டியில் போயிற்று. மாப்பிள்ளையின் கோட்டாவில் சேராது என்று தீர்ப்பு.

இனி கணக்கு. மொத்தம் 318. பெரியவருடைய பெட்டியில் 40. அம்மாவிடம் 1. அரித்துப் போன 11-ம் காயலான் கடை அண்ணனின் பால்கனியில் புறா ஓட்டுகின்றன. மாதா கோவில் கொயரில் கிடார் வாசிக்கும் அந்தத் தெருப் பையன் ஒருவன் 94 எடுத்துக்கொண்டான். வென்ச்சர்ஸ் எல்லாம் அவனுக்குத்தான். (எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவன் அங்கேயே உட்கார்ந்து ஒரு ட்யூனைக் கேட்டுக்கேட்டு வாசித்துக் காட்டிவிட்டான். என்னால் ஹம் பண்ணத்தானே முடியும்!) எனக்கு 171. விலை பேசினேன். "உங்கிட்ட கணக்கு எழுதின கூலி எவ்ளோன்னு நான் கேட்டேனா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

இரண்டு தெர்மகோல் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி, ராயபுரத்தில் ரயில் ஏறினேன். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குள் போகாது, மீன் விலை வானத்தில் இருக்கும். ஒரே ஸ்டேஷன் தூரத்தில் நாலு பேர் என்னிடம் வஞ்சிரம் கிலோ என்னவென்று கேட்டார்கள். ஓர் அம்மாள் மூடியைத் திறந்தே பார்த்துவிட்டு, "இன்னாடா இது, கருவாடா?" என்றார்.

கூட்டிப் பார்த்தீர்களா? 40, 1, 11, 94, 171... 317 வருகிறது. ஒன்று உதைக்கிறதே?

அந்த ஒன்றில் அட்டை கிடையாது, பெயர் கிடையாது. வெள்ளித் தட்டு, ஒரிஜினல் அச்சு, வளையத்தில் வெறும் எண்கள். டர்பன் துறைமுகத்தில் ஒரு போலந்துக்காரர் ஒரு லுங்கிக்கு மாற்றாகக் கொடுத்தாராம். போட்டால் மொத்தம் 22 நிமிஷம். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் என்று சின்னச் சின்னத் துண்டுகள். கிடார் ஒன்று விறுவிறுவென்று ஓடுகிறது, நடுவில் ட்ரம்பெட் கூப்பிடுகிறது, டக்கென்று நிற்கிறது. ஏதோ ஒரு நாட்டு டி.வி.யில் ஏதோ ஒரு தொடரில் யாரோ கார் ஓட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார். என்ன தொடர், யார் ஹீரோ, ஒரு தகவலும் இல்லை.

காமர்ஸில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'டில் போட வேண்டும். போட்டிருக்கிறேன். ஆடிட்டிங் வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி அதை என்றைக்காவது க்ளோஸ் பண்ணியாக வேண்டுமே என்று, போகிற இடத்திலெல்லாம் அந்த ட்யூனை ஹம் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை கேட்டது பதினாறு பேர். அதில் ஒன்பது பேர் நோக்கியா என்றார்கள்.